மணிக்கொரு தடவை

"நேத்து மட்டும் எட்டுத் தடவை வெளியே போயிருக்கே. இதுக்குப் பேரு படிப்பாம்மா?"

நூலகர் அம்மாள் பதிவேட்டைத் திருப்பி அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

வாசக சாலையை விட்டு வெளியே போகிறவர்கள் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த அம்மாள் கொண்டுவந்த சட்டம். நூலகத்தில் இருக்கும் இருபதாயிரம் புத்தகங்களில் அவர் தினமும் விடாமல் படிப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

"ஒன்பது ஐம்பது. பத்து ஐம்பது. பதினொண்ணு ஐம்பது. ரயில்கூட இவ்வளவு கரெக்டா கிளம்பாது!"

"தண்ணி குடிக்கப் போனோம் மேடம்."

"எட்டுத் தடவையுமா? நீ என்ன மனுஷியா, இல்லே மீனா?"

"தண்ணி, அப்புறம் ஒரு சின்ன நடை. மத்தியானம் சாப்பாடு. வெளியில வெயில்கூட நல்லா இருந்தது."

"நீ போ, எனக்கென்ன? அவளை ஏன் இழுத்துட்டுப் போறே?"

அவள் என்றால் ஜன்னலோரத்து மேசைக்காரி. நூலகர் மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தவசி. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் நாற்காலி எங்கே முடிகிறது, அவள் எங்கே ஆரம்பிக்கிறாள் என்று சொல்ல முடியாது. எதிரே நிற்கிறவளுக்கு வைத்த பெயர் வாயாடி.

தவத்தைக் கலைக்க வரும் தேவலோகப் பெண்கள் நடனம் ஆடுவார்கள் என்பது புராணம். இவள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை நூலகர் தம் இரண்டு காதாலும் கேட்டிருந்தார்.

"மூடுடி புத்தகத்தை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுப் பத்து மணிக்குப் படு."

"இன்னும் ஒரே ஒரு பாடம்டி."

"பாடம் எங்கேயும் ஓடிடாது. எழுந்திரு!"

தேர்வுக்கு இன்னும் பத்தே நாள். இருவரும் எழுதப்போவது ஒரே வேலைக்கான தேர்வு. காலியிடமோ ஒன்றே ஒன்று. இன்று காலையில் அறிவிப்புப் பலகையில் அதைப் படித்ததும் நூலகருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஒரு இடத்துக்கு ரெண்டு பேர். போட்டிக்கு வர்றவளைப் படிக்க விடாம பண்ண இதைவிட நல்ல வழி ஏது? நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

வாயாடி சிரித்தாள்.

"கார்டை எடு. இனிமே உனக்கு இங்கே இடம் கிடையாது."

"வாங்கிக்குங்க மேடம். நான் வெளியே மரத்தடியில படிச்சுக்கறேன். ஆனா மணிக்கு ஒரு தடவை அவளை மட்டும் வெளியில அனுப்பிடுங்க."

"பாத்தியா, இப்பவும் விடமாட்டேங்கறே!"

கார்டு இழுப்பறைக்குள் போனது. இழுப்பறை பூட்டப்பட்டது. ஒரு வழக்கில் தீர்ப்பு எழுதி முடித்த நிறைவோடு நூலகர் ஜன்னலோரத்துக்கு நடந்தார்.

"இனி உன்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்கம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க வேண்டாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்து படி. நாங்கல்லாம் அப்படித்தான் ஜெயிச்சு வந்தோம்."

தவசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து. வாசலைப் பார்த்தாள்.

"அவ எங்கே மேடம்?"

"கார்டைப் பிடுங்கி அனுப்பிட்டேன்."

"ஐயோ, என்ன மேடம் பண்ணிட்டீங்க!"

முழு வாசக சாலையும் திரும்பிப் பார்த்தது. அந்த மேசையிலிருந்து அவர்கள் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"போன வருஷம் நீங்க சொல்ற மாதிரிதான் மேடம் பல்லைக் கடிச்சுப் படிச்சேன். நாலு நாள் தூக்கமில்லை. வெறும் காபி. பரீட்சை ஆரம்பிச்சு அரை மணி நேரம் இருக்கும். கண்ணு இருட்டிக்கிட்டு வந்து ஹால்லயே விழுந்துட்டேன்."

"அடப் பாவமே!"

"அங்கே நானூறு பேர் இருந்தாங்க. அத்தனை பேரும் குனிஞ்ச தலை நிமிராம எழுதிட்டிருந்தாங்களாம். கண்காணிப்பாளர் யாருக்குப் போன் பண்றதுன்னு யோசிச்சிட்டிருந்தாராம். நான் கண்ணு முழிச்சப்போ ஆஸ்பத்திரியில இருந்தேன். பக்கத்துல அவ."

"சிநேகிதின்னா வரத்தானே செய்வா?"

"சிநேகிதியா? அன்னிக்குத்தான் மேடம் அவ முகத்தையே முதல் தடவையா பாக்கறேன். பக்கத்து பெஞ்சுல எழுதிட்டிருந்தவ. பாதிப் பேப்பரை அப்படியே போட்டுட்டு என்னைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கா."

நூலகரின் கை இழுப்பறைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

"என்னால உங்க பரீட்சையும் போச்சேன்னு அழுதேன். அவ சிரிச்சா மேடம். 'பரீட்சை அடுத்த வருஷமும் வரும், எழுதிக்கலாம். ஆனா நீ ஒழுங்கா சாப்பிட்டு, தூங்கிட்டு வாடி தாயே, வருஷா வருஷம் உன்னைத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு கிடையாது'ன்னா."