றொசானி வீடு கேட்டாள்

"வீட்ட என்ட பேருக்கு எழுதித் தாங்கப்பா."

நோபேட் மூக்கால் இழுத்த மூச்சை அப்போதுதான் குவித்த உதட்டால் ஊதத் தொடங்கியிருந்தார். பாதி மூச்சு வழிமாறி இருமலாக வெடித்தது.

குசினியிலிருந்து மக்டலின் அகப்பையோடு ஓடிவந்தாள். சீதன வீட்டைப் பெண் தன் வாயால் கேட்கவே கூடாது என்று, மகள் பெரியபிள்ளையான நாளிலிருந்து படிப்பித்தவள் அவள். கல்யாணம் பேசி முடித்தால் வீடு தானாக வரும். அதற்கு முன்னால் கேட்டால், எவனையோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ஆரடி அவன்?"

"முதல்ல எழுதட்டும். மறுகா கதைப்பம்." றொசானி தகப்பனின் முதுகைத் தடவினாள். "இழுங்கப்பா. ஒண்டு, ரெண்டு. இப்ப ஊதுங்க. முன்னுக்கு மெழுகுதிரி இருக்கெண்டு நினைங்க, அது ஆடணும், அணையக்கூடாது."

"அப்பன் மூச்சுக்கு அடிபடுறார். உனக்கு மாப்பிள்ள கேக்குது, என்ன?"

"மூண்டு, நாலு..."

பக்கத்து அரிசி ஆலையின் இரைச்சலில் அவள் கத்தித்தான் எண்ண வேண்டியிருந்தது. வயல்வட்டையில் நெல்வெட்டு முடிந்த நேரம், ஆலை ஓயவில்லை. உமித்தூசிக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு மூச்சுப் பயிற்சி செய்கிற வீடு அது. நோபேட் ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை. அந்த ஆலையில் இருபத்தாறு வருடம் மூடை தூக்கியவர். இன்னொரு தடவை இப்படி இழுத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரமாட்டார் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார்.

"விசிலடிக்கப் பழக்குற மாதிரிப் பழக்கி," நோபேட் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார், "வீட்டுக்கு... அடி போட்டிருக்கா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எழுதுவம் மக்டலின். நான் இருக்கக்குள்ள... இவள்ட கல்யாணம் முடியட்டும்."

றொசானி குனிந்துகொண்டாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் உறுதி எழுத சாலிஹ் நொத்தாரிஸே அவர்கள் வீட்டுக்கு வந்தார். நோபேட்டால் ஓட்டோ வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. சாட்சிக்கு மக்டலினின் அண்ணனும் ஆலை முதலாளியுமான பிறின்ஸ், தன் கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்கட குடும்பத்தில கெம்பஸ் வாசலை மிதிச்ச முதல் ஆள் இவதான்," என்று பிறின்ஸ் நொத்தாரிசிடம் பீற்றிக்கொண்டார். "படிச்ச படிப்புக்கு மாப்பிள்ளையையும் தானே தேடிட்டா. எங்களுக்கு அலைச்சல் மிச்சம். பொடியன்ட பேரையாவது சொல்லன் புள்ள."

"நீங்க கையெழுத்தப் போடுங்க மாமா."

"கவுண்மெந்து உத்தியோகமா?"

"அண்ணே, விடுங்க. நானும் ஒரு கிழமையாக் கேட்டுக் களைச்சுப்போனன்," என்றாள் மக்டலின்.

நோபேட் கதிரையில் நிமிர்ந்திருந்து ஊதிக்கொண்டிருந்தார். பிறின்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான், இந்த ஊதலுக்கு ஒரு குழலையாவது வாங்கித் தந்திருந்தா ஊருக்குப் பாட்டாவது கேட்டிருக்கும்."

"உங்கட மூடை தூக்கி மிஞ்சின மூச்சு மாமா அது," என்றாள் றொசானி. "கிடக்கிற கொஞ்சத்தையும் சிந்தாம எண்ணி எடுக்கிறம்."

"வாய் நீளம். வாறவன் பாவம்," என்றார் பிறின்ஸ் நொத்தாரிசிடம். "பரவாயில்ல புள்ள. கல்யாணச் சோத்துக்கு அஞ்சு மூட சம்பா மாமாட பொறுப்பு."

நோபேட் மூச்சை இழுத்து, ஊதி, கையெழுத்து வைத்தார். மீண்டும் இழுத்து, ஊதி, அடுத்த தாளில் வைத்தார். றொசானி வைத்தாள். சாட்சிகளும் வைத்தார்கள். நொத்தாரிஸ் தாள்களை அடுக்கித் தோல் பைக்குள் வைத்தார்.

பிறின்ஸ் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். "மச்சான், பேனை வெளியில இருக்கக்குள்ள இதையும் போட்டு விடுங்க. வருசா வருசம் போடுறதுதான். ஆலை லைசனைப் புதுப்பிக்க எல்லைக் காணிக்காரர்ட சம்மதம்."

நோபேட் வருடா வருடம் போலவே வாசிக்காமல் குனிந்தார். நொத்தாரிஸ் குறுக்கே கையை வைத்தார்.

"நோபேட் அண்ணன் போட்டாச் செல்லாது முதலாளி. அவர் காணிக்காரரா இருந்தது பத்து நிமிசத்துக்கு முந்தி."

"அட, ஓம்." பிறின்ஸ் தன் பேனையை றொசானியிடம் நீட்டினார். "காணிக்காரியாப் போடுற முதல் கையெழுத்து மாமாவுக்கா இருக்கட்டும். போடு புள்ள."

றொசானி பேனையை வாங்கினாள். தன் பைலிலிருந்து வேறொரு தாளை எடுத்து, அதன் அடியில் கையெழுத்து வைத்தாள். பேனையை மூடி மாமாவின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"மாப்பிள்ளை எண்டு ஒருத்தனும் இல்ல மாமா," என்றவள், போன மாதமே எழுதி காணிக்காரியின் கையெழுத்துக்காக மட்டும் காத்திருந்த ஆலை லைசனுக்கான ஆட்சேபனைக் கடிதத்தை மடித்துக்கொண்டு, பிரதேச சபைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்தாள்.