பிஸ்கட் டப்பாவில் பதின்மூன்று சீட்டுகள்

“இந்த டப்பாவை இன்னிக்குத் திறந்தே ஆகணுமா?” மூன்றாவது தடவையாகக் கேட்டார் பெயின்டர்.

“முப்பது வருஷம் கழிச்சுத் திறக்கணும்னு நாமதானே எழுதி வச்சோம்” என்றார் கவுன்சிலர். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கண்தான் அடிக்கடி வாசல் பக்கம் போய் வந்தது.

ஏழாம் தெரு இளைஞர் மன்றத்தின் ஒற்றை அறை அப்படியேதான் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்த அதே அலமாரி, கால் ஆடும் அதே கேரம் ஸ்டாண்டு, ஜன்னலுக்கு வெளியே பெயின்டர் அந்தக் காலத்தில் எழுதிய அதே பெயர்ப் பலகை. ‘தெரு’வின் கொம்பை நத்தை மாதிரி சுருட்டிவிட்டிருப்பார். யார் கிண்டல் செய்தும் அந்தச் சுருட்டலை மட்டும் அவர் விட்டதில்லை. மேஜை மேல், டேப் சுற்றிய பிஸ்கட் டப்பா. இன்னும் பத்து நிமிஷத்தில் மன்றத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன் அவர் கவுன்சிலர் இல்லை, ஓரிடத்தில் நிற்காத பெண், ‘பம்பரம்’. இவரும் பெயின்டர் இல்லை, வெறும் ‘நெட்டை’. நாளைக்கு இந்தத் தெருவை நடத்தப்போவது நாம்தான் என்று நம்பிய பதின்மூன்று பேர், பதினெட்டு வயசுக்கே உரிய மிதப்போடு மன்றம் ஆரம்பித்தார்கள். தலைவர் தேர்தலுக்கு அவர்களே சட்டமும் போட்டுக்கொண்டார்கள். போட்டியிடுகிறவர் தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. பம்பரத்துக்கு விழுந்த ஓட்டை நெட்டை எண்ண வேண்டும், நெட்டைக்கு விழுந்ததைப் பம்பரம் எண்ண வேண்டும். எண்ணிய சீட்டுகளை டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். முப்பது வருஷம் கழித்து வரும் பிள்ளைகள் திறந்து பார்த்து, நாம் நேர்மையாக நடந்தோமா என்று சொல்லட்டும். அந்தக் கடைசி யோசனை பம்பரத்தினுடையது. வாய்க்கொழுப்பு, வேறென்ன!

மறுநாள் சீட்டைக் கையில் வாங்கியதும் பம்பரத்துக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது. தன்னிடம் மட்டுமே இருந்த பச்சை மைப் பேனாவால் ‘பம்பரம்’ என்றே எழுதிப் போட்டுவிட்டாள்.

எண்ணும்போது, கையிலிருந்த சீட்டுகளை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை மை அவன் கண்ணில் படாமலா போகும்? அவனும் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான், சட்டென்று குனிந்துகொண்டான். “ஏழு” என்றான். “ஆறு” என்றாள் அவள். ஒரே ஓட்டில் அவள் தலைவி.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கும். குப்பை கொட்டிக் கிடந்த மூலையை நூலகமாக்கியது, பஸ் ஸ்டாப் சுவரில் தெருக் குழந்தைகளை எல்லாம் படம் வரையவிட்டது, டீ கிளாஸில் பெயின்ட் கலக்கி டீக்கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, தெருவிளக்குக்காக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. எல்லாவற்றிலும் நெட்டை கூடவே நின்றான். தோற்றுப்போனவன் என்று ஒரு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு உறுத்தியது. திருடி உட்கார்ந்த நாற்காலி, நியாயமாவது செய்வோம் என்று வைராக்கியம் வந்தது. அதற்கப்புறம் எந்தக் காகிதத்திலும் அவள் பொய் எழுதியதில்லை.

“பம்பரம், சொல்றதைக் கேளு” என்றார் பெயின்டர், தணிந்த குரலில். “துருப்பிடிச்சு உள்ள எல்லாம் மட்கிப்போச்சுன்னு சொல்லிடலாம். நானே எடுத்துட்டுப் போயிடறேன். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு ஒருத்தர் மானம் போகணும்?”

கவுன்சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக, அன்றைக்கே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, முப்பது வருஷமாக வாயைத் திறக்காமல் காப்பாற்றியிருக்கிறார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா!

“வேண்டாம் நெட்டை. நீ காப்பாத்தினது போதும்.”

பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து உட்கார்ந்தார்கள். இந்த வருஷத் தலைவி, கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண், டேப்பைப் பிரிக்கக் கை வைத்தாள். கவுன்சிலர் அவளைத் தடுத்துவிட்டு எழுந்து நின்றார். சட்டத்தையும் ஓட்டையும் பச்சை மையையும் ஒன்று விடாமல் சொன்னார். பெயின்டர் பின்னாலிருந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“அந்த நாற்காலி இவருக்கு வர வேண்டியது. இவருக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லலை. தலைவர்னா எப்படி இருக்கணும்னு யாராவது கேட்டா, என்னைக் காட்டாதீங்க, இவரைக் காட்டுங்க.”

யாரோ ஒருவர் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பெயின்டர் மட்டும் தலை நிமிரவேயில்லை. பாவம், கூச்ச சுபாவம்.

டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு கவர்கள். பம்பரத்தின் கவரில் ஏழு சீட்டு, அதில் ஒன்று பச்சை மை. கண்ணாடி போட்ட பெண் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, நெட்டையின் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினாள். நான்காவது சீட்டில் கை நின்றது. சீட்டைப் பார்த்தாள், ஜன்னல் வழியே பெயர்ப் பலகையைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

“அங்கிள், இந்த ‘நெட்டை’யோட கொம்பு நம்ம போர்டுல இருக்கிற மாதிரியே சுருண்டிருக்கே?”

கவுன்சிலர் மெல்லத் திரும்பினார். பெயின்டர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

“அதுக்குத்தானே காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன், திறந்தே ஆகணுமான்னு.”