அறுபதாவது பெயர்

பால் பொங்கும்முன் அடுப்பை அணைத்தான். மகளின் தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். இரட்டைப் பின்னல் போட்டான். ஏழு மாதத்தில் பின்னல் கைக்கு வந்துவிட்டது. வகிடுதான் இன்னும் கோணல்.

மகள் இதுவரை போய்வந்த தனியார் பள்ளி வேன் அவர்கள் வீட்டு வாசலில் நிற்காமல் போனது. மகள் அதைப் பார்த்தாள்.

இருவரும் நடந்தே அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். அவன் மனைவி எட்டு வருடம் கணக்கு எடுத்த பள்ளி.

நுழைந்ததும் அறிவிப்புப் பலகை. மொத்த மாணவர்கள் ஐம்பத்தொன்பது. அறுபது தேறாவிட்டால் பள்ளியைப் பூட்டி, பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றுதான் கடைசி நாள்.

அதன் கீழே போன வருடத் தேர்ச்சி விவரம். கணக்குக்கு நேராக இருந்த எண்ணை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். இருபத்தொன்று சதவீதம் என்பது அப்படியும் தெரிந்தது.

பக்கத்தில் மனைவியின் படம். படத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில், 'பள்ளியை மூடவிடாதீர்கள்: நம் ஆசிரியையின் கடைசி வார்த்தை.'

அந்த வாக்கியம் அவன் கொடுத்தது. அடக்கம் முடிந்த அன்று தலைமையாசிரியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

அவர் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். தையல்காரர் தன் இரட்டைப் பெண்களையும் வேனிலிருந்து இறக்கிச் சேர்த்துவிட்டு, வாயில் கவ்விய குண்டூசிகளோடு அவனிடம் கேட்டார், அவன் பெண் எப்போது என்று.

அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் கேட்டார்கள்.

தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார்.

"ஒரு தலை குறையுதேன்னு, என் பேரையே ஆறாம் வகுப்புல எழுதிடலாமான்னு பாத்தேன் தம்பி." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அவன் கையெழுத்துப் போட்டான். அறுபது.

மகள் ஆறாம் வகுப்புக்குள் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் பாடவேளை கணக்கு. விளையாட்டு ஆசிரியர் எட்டிப் பார்த்து, சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனார்.

அவன் ஜன்னலுக்கு வெளியே சற்று நின்றான்.

ஆஸ்பத்திரியில் மனைவி ஆக்சிஜன் முகமூடியைத் தானே விலக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் போய்ட்டா அங்க கணக்கு எடுக்க ஆளில்லங்க. நம்ம பாப்பாவ மட்டும் அங்க சேத்துடாதீங்க."