சுவர் சூடேற்றும் நாள்

சமையல் வாசனையைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் சுவர்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை சூடேற்றினால், ஒட்டியதெல்லாம் கழன்றுவிடும். சைவர்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட்ட வீட்டில் பதினொரு மாதமாகக் கருவாடு வறுத்துத் தள்ளிய குமுதவல்லிக்கு அன்று வியர்த்துக் கொட்டியது. சூடு ஏறியதும் ஊர்ப் பூனைகள் மொத்தமும் வாசலில் வரிசை கட்டின.

"உடனே காலி பண்ணும்மா!" என்று மனைவியோடு வந்திருந்த வீட்டுக்காரர் வேதாசலம் குதித்தார்.

சூடு இன்னும் ஏற, அடியில் ஒட்டியிருந்த ஆட்டுக்கால் பாயா மணம் ஏழு தெருவைத் தூக்கியது.

குமுதவல்லிக்கு உயிர் வந்தது. "இது நான் வர்றதுக்கு முந்தி ஒட்டுனது சார். அப்ப நீங்கதானே இங்க இருந்தீங்க?"

வேதாசலத்தின் கை சுவிட்சைத் தேடியது. அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கைய எடுங்க. நான் பிரசவத்துக்குப் போனப்ப வெறும் ரசஞ்சோறுன்னீங்களே? குமுதா, நீ எங்கயும் போக வேணாம். இன்னுங் கொஞ்சம் சூடு ஏத்து!"