வெளிநடப்பு

மனித குலத்துக்கு நேர்ந்த பேரழிவுகளில் அந்த சினிமாப் பாட்டுக்குத் தனி இடம் உண்டு என்று காரில் போகும்போதே அவர் அறிவித்துவிட்டார்.

“ராக் குழுவோட மத்த பாட்டெல்லாம் எவ்வளவு நல்லா இருக்கு! படம் ஒரு வாரம்கூட ஓடல. பாட்டை மட்டும் ஜனங்க இருபது வருஷமா விடமாட்டேங்கிறாங்க. லைட்டை அணைச்சதும் ஆளாளுக்கு போன்ல டார்ச் அடிச்சு ஆட்டுவாங்க பாரு, கரண்ட் போன வீட்டுல தீப்பெட்டி தேடுற மாதிரி!”

“எனக்கு அந்தப் பாட்டுதான்பா கேக்கணும்” என்றாள் மகள்.

“இன்னைக்கு அதைப் பாடினா, நான் எழுந்து வெளிய போயிடுவேன்.”

“போய்த்தான் பாருங்களேன்” என்றாள் மனைவி. “அவ முதல் தடவையா கச்சேரிக்கு வர்றா. நடுவுல எழுந்து போய் அவளை அழ வெச்சீங்க, வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. ஒரு பாட்டு மேல இவ்வளவு பொறாமையா?”

அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. விளக்குகள் அணைந்தன. சொன்னபடியே அவர் எழுந்தார்.

மேடையில், டிரம்ஸுக்குப் பின்னால்.

அவருடைய குழுவின் பாட்டுகளில் டிரம்ஸ் இல்லாதது அது ஒன்றுதான். பாடி முடிக்கும்வரை அவர் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பிடித்ததும் அது ஒன்றுதான்.

முன்வரிசையில் மகள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு, தாளம் பிசகாமல் ஆட்டினார்.