இன்னும் கொஞ்சம் பெரிய படம்

"இந்தப் போட்டோவ இன்னும் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா புள்ள?" அப்பா மறுபடியும் கேட்டார்.

ஜீவராணிக்குக் கூச்சமாக இருந்தது. பட்டமளிப்பு அங்கியில் அவள் நிற்கும் படம். மற்றவர்கள் என்றால் வாசலுக்கு எதிரே மாட்டுவார்கள். அப்பாவோ மூலையில், இடுப்பு உயரத்தில் ஆணியடித்திருந்தார்.

"பெருமைக்கும் ஒரு அளவு இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

அன்றைக்கு 'பிராஞ்ச்'. ஒன்றிலிருந்து பிரிந்து வெளியே போவதெல்லாம் பிராஞ்ச் என்றாள். "எதுக்கெல்லாம் இருக்கு? சொல்லுங்க."

"ரப்பர் மரத்துக்கு!"

"யட்டியாந்தோட்டை பேங்குக்கு!"

பக்கத்து வீட்டு சசி மெதுவாகக் கை தூக்கினாள். "எங்க வீட்டுச் சுவருக்கு, டீச்சர்."

வகுப்பு முடிந்ததும் சசி வீட்டுக்குப் போய், சாமிப் படக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள் ஜீவராணி. தரையிலிருந்து எழும்பிய வெடிப்பு. விரல் நுழையும். அங்கிருந்து நாலாபக்கமும் கிளைவிட்டு ஓடியிருந்தது. லயத்துக்குப் பின்னால் மலை. மழையோ விட்டபாடில்லை.

"பிள்ளைய வச்சிக்கிட்டு இதுக்குக் கீழயா படுக்கிறீங்க, அக்கா? இன்னைக்கே கிராம சேவகர்கிட்ட சொல்லப்போறேன்."

சசியின் அம்மா அழகம்மா சிரித்தாள். "சொல்லு ஜீவா. மேல் லயத்துச் சுவர் வெடிச்சப்பவும், வேற வீடு தர்றோம்னுதான் அவங்களக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. இன்னும் தார்ப்பாய்க்குக் கீழதான் கெடக்குறாங்க."

"உயிர் போனா?"

"படிச்ச புள்ள, நல்லாத்தான் கேக்குற. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

ஜீவராணி வீட்டுக்கு ஓடினாள். மூலையிலிருந்த தன் படத்தைக் கழற்றினாள்.

அதே வெடிப்பு. யாரோ மண்ணைக் குழைத்து அடைத்திருந்தார்கள். அதையும் மீறி ஒரு புதுக் கிளை, படம் மறைக்கும் இடத்தைத் தாண்டி வந்திருந்தது.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. தார்ப்பாய்க்குக் கீழயா வரச் சொல்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம், "பிராஞ்ச்... பிராஞ்ச்..." என்று சசி மனப்பாடம் செய்வது கேட்டது.

ஜீவராணி படத்தைத் திரும்ப மாட்டினாள். குடையை எடுத்தாள்.

"எங்க போற? கிராம சேவகர் கந்தோருக்கா?" அப்பா பதறினார்.

"இல்லப்பா. ஸ்டூடியோவுக்கு."