திருடப்படாத படங்கள்

"என் திமிங்கிலப் படத்தை மறுபடியும் யாரோ கேட்காமலே இணையத்துல போட்டுட்டாங்க!" என்று விரேமு புலம்பும்போதெல்லாம் அவன் மனைவி மெரியானாவுக்கு வயிறு எரியும். கைக்கோரா கடலில் இருவரும் ஒரே படகிலிருந்துதான் படமெடுக்கிறார்கள். அவள் படங்களை ஒருவரும் சீண்டியதில்லை.

ஒரு நாள் ஒரு விடுதியின் இணையதளத்தில் அவள் எடுத்த அல்பட்ராஸ் கடற்பறவையின் படம், பெயர்கூடப் போடாமல் இருந்தது! உள்ளுக்குள் துள்ளினாலும் போனில் சீறினாள்.

"யாரைக் கேட்டு என் படத்தைப் போட்டீங்க? கோர்ட்டுக்கு இழுப்பேன்!"

விடுதிக்காரர் பயந்துவிட்டார்.

"ஐயோ, கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர்தான், 'அவ படத்தையும் ஒரு தடவை திருடுங்களேன், பாவம், ஏங்கிப் போயிருக்கா'ன்னு கெஞ்சினார். இப்பவே எடுத்துடுறோம்."

மெரியானா திரையிலிருந்த தன் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."